சமையற் புத்தகத்தில் இல்லாத பெண்கள்

சமையல் என்பது பெண்ணின் கடமை என்றும், சமையற் கலை என்பது ஹோட்டல்களில் வேலை செய்யும் ஆண்களின் திறமை என்றும் நாம் நெடுங்காலமாகப் பழக்கப்படுத்தப்பட்டு வந்திருக்கின்றோம். அதே வேலையை வீட்டில் செய்தால் கூலி இல்லை, பெயரும் இல்லை. இந்தியாவின் பல மாநிலங்களின் வீட்டுச் சமையல் பற்றியும், அங்கு வெளிவந்த சமையற் புத்தகங்கள் பற்றியும் அண்மைக் காலமாக வாசித்து வருகின்றேன். அந்த வாசிப்பில் என் மனதில் எழுந்த சில கேள்விகளை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

"இந்தியச் சாப்பாடு" என்றவுடன் எமக்கு நினைவுக்கு வருவது கொழும்பு உணவகங்களில் கிடைக்கும் நாண் ரொட்டியும் பட்டர் சிக்கனும்தான். உண்மையில் இந்தியாவில் ஒரு மாவட்டத்தின் கறி அடுத்த மாவட்டத்தில் வேறு கறி. எண்ணெயை மட்டும் எடுத்துப் பாருங்கள். வங்காளத்தில் கடுகெண்ணெய், கேரளத்தில் தேங்காயெண்ணெய், தமிழ்நாட்டில் நல்லெண்ணெய். மண்ணும் மழையும் தீர்மானித்தவை இவை. ஆனால் ஒரு வீட்டுக்குள் யார் எதைச் சாப்பிடலாம் என்பதை மண்ணோ மழையோ தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது சமூகம்.

இதற்கு வங்காளத்தை விடத் தெளிவான உதாரணம் கிடையாது எனலாம். வங்காளிகள் மீன் பிரியர்கள் என்பது உலகறிந்த விடயம். அங்கு மீன் வெறும் உணவு அல்ல, மங்கலப் பொருளும்கூட. திருமணச் சீர்வரிசையில் முழு மீன் வைப்பார்கள். சுமங்கலிப் பெண் மீன் உண்பது கணவனின் நலனுக்கு நல்லது என்று நம்புவார்கள். ஆனால் உயர்சாதி இந்துக் குடும்பங்களில் கணவன் இறந்த அன்றிலிருந்து அதே பெண்ணுக்கு மீன் விலக்கப்பட்டது. இறைச்சி, முட்டை, வெங்காயம், உள்ளி எல்லாம் விலக்கு. நாம் தினமும் சமைக்கும் மைசூர்ப் பருப்புக்கூட விலக்கு. இவை உடலைச் சூடாக்கி ஆசையைத் தூண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நாளுக்கு ஒரு வேளை பச்சையரிசிச் சோறு, ஏகாதசியில் தண்ணீர்கூட இல்லாத உபவாசம். வயது வித்தியாசம் மிகுந்த பால்ய விவாகங்கள் நடந்த அக்காலத்தில் இந்த விதிகளுக்குள் சென்றவர்களில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் தட்டு மாறவில்லை.

வசதியான வீடுகளில் இவர்களுக்கெனத் தனியான சைவ அடுப்பு இருந்தது. அந்த அடுப்பில்தான் இன்று வங்காளத்தின் பெருமையாகப் பேசப்படும் மரக்கறி உணவுகளில் பல உருவாகின அல்லது மெருகேறின என்று உணவு பற்றி எழுதுபவர்கள் கூறுகின்றனர். வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை. ஆகவே இஞ்சி, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றில் சுவை தேடினார்கள். சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், கடுகு ஐந்தும் சேர்ந்த 'பாஞ்ச் ஃபோரன்' தாளிப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. கசகசாவை அரைத்துக் குழம்பைத் தடிப்பாக்கினார்கள். (நாம் சர்பத்தில் ஊறப்போடும் கறுப்புக் கசகசா அல்ல இது. இது வெள்ளைக் கசகசா.) பாவற்காய், வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், வற்றாளைக்கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்துச் சமைக்கும் 'சுக்தோ' என்ற கசப்புக் கறி இன்றும் மதியச் சாப்பாட்டில் முதலாவதாகப் பரிமாறப்படுகின்றது. சுரைக்காயின் தோலைக்கூட எறியாமல் மெல்லிதாக அரிந்து பொரித்தெடுத்தார்கள்.

வாழைப்பொத்தியில் செய்யும் 'மோச்சார் கண்டோ' எமது கைக்கும் எட்டக்கூடியது. பொத்தியின் மடல்களை ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொரு பூவிலும் உள்ள தடித்த நரம்பையும் சிறு செதிலையும் எடுத்துவிட வேண்டும். பின்னர் பொடியாக அரிந்து, மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் அவித்துப் பிழிந்தெடுக்க வேண்டும். எண்ணெயில் சீரகமும் பிரியாணி இலையும் தாளித்து, சிறு துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கை வதக்கி, அரைத்த இஞ்சி, சீரகத்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து, பொத்தியையும் போட்டுக் கிளற வேண்டும். இறுதியில் தேங்காய்ப்பூ, சிறிது சீனி, நெய், ஏலம் கறுவாத் தூள். பூவைத் துப்புரவு செய்வதற்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். விரல்கள் கறுத்துவிடும். வீட்டில் வேறு எதற்கும் அழைக்கப்படாத ஒருத்தியிடம்தான் இத்தனை நேரம் இருந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். "பாருங்கள், தடைக்குள்ளும் எவ்வளவு அழகாகப் படைத்திருக்கிறார்கள்" என்று புகழ்ந்துவிட்டுப் போவது இலகு. அப்புகழ்ச்சி தடையை நியாயப்படுத்தும் ஆபத்து உண்டு. அவர்களின் கைத்திறனை மெச்சிய வீடு அவர்களின் பசியைக் கேட்கவில்லை. எழுத்தாளர் சித்ரிதா பானர்ஜி 1995இல், வங்காள விதவைகள் எதை உண்ண முடியாது என்பதையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். படித்த குடும்பங்களிலும் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்ததை அக்கட்டுரை எடுத்துக் காட்டுகின்றது.

இனி, புத்தகங்களுக்கு வருவோம். வங்காளத்தில் வீட்டுச் சமையலை விரிவாக அச்சில் ஏற்றிய பெண்களுள் முக்கியமானவர் பிரக்ஞாசுந்தரி தேவி. இவர் ரவீந்திரநாத் தாகூரின் சகோதரர் ஹேமேந்திரநாத்தின் மகள், அசாமிய எழுத்தாளர் லக்ஷ்மிநாத் பெஸ்பருவாவின் மனைவி. 1890களின் இறுதியில் 'புண்ய' என்ற சஞ்சிகையை நடத்திச் சமையற் குறிப்புகளை வெளியிட்டார். பின்னர் 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்', அதாவது அசைவ, சைவ உணவுகள் என்ற பெயரில் அவற்றைத் தொகுதிகளாக்கினார். அடுப்படிப் பேச்சு வழக்கில் மட்டும் இருந்த பல சொற்களுக்கு அதில் விளக்கம் தந்தமை பெரிய பணியாகும்.

தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. இளவயதிலேயே கணவனை இழந்தவர் இவர். சமையலில் சந்தேகம் கேட்டு உறவினர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் எழுதி வந்தவரை, இவற்றைப் புத்தகமாக்கு என்று உறவினர் ஒருவர் ஊக்கப்படுத்தினார். ஆழாக்கு, பலம் என்று அன்றைய அளவுகளில் எழுதப்பட்ட அந்நூல் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக மணப்பெண்களின் பெட்டியில் இடம்பிடித்தது. விதவை என்று ஒதுக்கி வைக்கும் சமூகத்தில், ஒரு விதவையின் சொல்லைக் கேட்டுத்தான் புது மணப்பெண்கள் சாம்பார் வைத்தார்கள்.

எங்கள் மாதர் குழுக் கூட்டம் ஒன்றில் இவ்விடயங்களைக் கதைத்துக்கொண்டிருந்தபோது, மூலையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "எங்கட ஊரிலும் இதுதானே பிள்ளை. தங்கச்சியின்ர மகளின்ர கலியாணத்துக்குப் பலகாரம் சுடக் கூப்பிட்டவை. முதல் பணியாரம் போட மட்டும் சுமங்கலி ஒருத்தி வந்தவ. மிச்சம் முழுக்க நான்தான் சுட்டனான். தாலி கட்டேக்க நான் அடுப்படியில நிண்டனான்" என்றார். கூட்டத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. 2009இல் முடிவடைந்த யுத்தம் எத்தனை பெண்களை இந்த நிலையில் விட்டுச் சென்றது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீன் உண்ணும் உரிமை எமது பெண்களுக்குப் பெரும்பாலும் உண்டு. முதல் பணியாரம் போடும் உரிமைதான் இல்லை.

பிரக்ஞாசுந்தரியும் மீனாட்சி அம்மாளும் எழுத்தறிவு பெற்ற உயர்சாதிக் குடும்பத்தினர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. எழுதத் தெரிந்தவர்களின் உணவே புத்தகத்தில் ஏறியது. 1988இல் மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, நகர்ப்புற நடுத்தர வர்க்கப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய சமையற் புத்தகங்கள் வழியாகவே 'இந்தியச் சமையல்' என்ற ஒன்று வடிவம் பெற்றது என்று எடுத்துக் காட்டினார். அப்படியானால் அந்தப் புத்தகங்களுக்கு வெளியே நின்றவர்கள் யார்?

இக்கேள்வியை நேரடியாகவே கேட்டது பூனேப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கற்கை நிலையம். சமூகவியலாளர் சர்மிளா ரேகேயும் அவரது குழுவினரும் 2009இல் தலித் மக்களின் உணவு நினைவுகளைத் தொகுத்து, 'இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?' என்ற பொருள்பட நூலுக்குப் பெயரிட்டனர். 2015இல் ஷாஹு பாட்டோளே மராட்டியில் 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்ற நூலை வெளியிட்டார். "அன்னம் பூரணப் பிரம்மம்" என்பது அங்கு வழங்கும் வாக்கு. எங்கள் உணவு உங்கள் ஏடுகளில் இல்லாதவரை அது பூரணம் அல்ல என்பதுபோல் அமைந்தது அவரது தலைப்பு. 2024இல் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. மராத்வாடா பகுதி மக்கள் இறைச்சியைக் கீலம் கீலமாக வெட்டி உலர்த்திச் சேமித்த 'சான்யா', இரத்தத்தில் சமைத்த 'ரக்தி' போன்றவை இவ்வகையான எழுத்துக்களில் வெளிச்சத்துக்கு வந்தன. முகம் சுளிக்கும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். செத்த மாட்டை இழுத்துச் செல்வது சில சாதியினரின் கடமை என்று விதித்த அதே சமூகம், அவர்கள் அதை உண்டபோது இழிவென்றது. நல்ல பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சியதில் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்ணுக்குப் பெயர் கொடுக்காமலே விட்டது.

தோழியரே, எமது வீடுகளிலும் எழுதப்படாத சமையல் நிறைய உண்டு. அம்மாவின் ஒடியற்கூழ், அம்மம்மாவின் சரக்குக்கறி, இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது நிவாரண மாவில் செய்த ரொட்டி, மலையகத்தில் வேலைக்குப் போகுமுன் விடியலில் தட்டும் ரொட்டியும் சம்பலும் என எத்தனையோ. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுங்கள். அளவையும் செய்முறையையும் எழுதும்போது, அது யாருடைய கைப்பக்குவம் என்ற பெயரையும் எழுதுங்கள். எந்த மாதத்தில், எந்தக் கஷ்டத்தில் அதைச் செய்தார் என்று எழுதுங்கள். எல்லோரும் உண்டபின் அவருக்கு என்ன மிஞ்சியது என்பதையும் கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு மகள்மார் எழுதிக் கொடுக்கலாம். மகன்மாரும் எழுதலாம்.

அத்தோடு இன்னொன்று. அடுத்த முறை உங்கள் வீட்டில் பலகாரம் சுடும்போது, பணியாரம் நன்றாகச் சுடத் தெரிந்தவர் யாரோ, அவரையே முதல் பணியாரத்தைப் போடச் சொல்லுங்கள்.