கம்ப்யூட்டர் போடும் வண்ண மேப்பை அப்படியே நம்பலாமா?

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கே அந்த மயக்கம் இருந்தது. அதைத் தெளிய வைத்தது ஒரு சின்ன விலங்கு.

அமெரிக்கப் புல்வெளிகளில் கருங்கால் ஃபெரெட் என்ற விலங்கு வாழ்கிறது. நம் ஊர்க் கீரியைப் போல நீண்ட உடம்பு. இரவில்தான் வேட்டை. பிரெய்ரி டாக் என்ற விலங்குதான் இதன் முக்கிய உணவு. (பெயரில்தான் டாக், உண்மையில் அது அணில் குடும்பம்!) அது தோண்டிய வளையில்தான் ஃபெரெட்டின் குடியிருப்பும். 1979-ல் இந்த இனமே அழிந்துவிட்டதாகக் கருதினார்கள். 1981-ல் வயோமிங் மாநிலத்தில், மீட்டீட்சி ஊருக்கு அருகே ஒரு பண்ணை நாய் ஃபெரெட் ஒன்றைக் கொன்று வீட்டுக்குக் கொண்டு வந்தது. அப்போதுதான் இவை மிஞ்சியிருப்பது தெரிந்தது. பிறகு நோய் தாக்கியதால், 1987-க்குள் எஞ்சிய 18-ஐயும் பிடித்து வளர்த்துப் பெருக்கினார்கள். 1991 முதல் அவற்றைத் திரும்பப் புல்வெளியில் விடுகிறார்கள்.

எந்த நிலத்தைக் காப்பாற்றினால் இது பிழைக்கும்? இதுபோன்ற கேள்விகளுக்கு உதவும் மென்பொருள்களில் ஒன்று மேக்ஸ்என்ட். இலவசம். ஜாவா இருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். விலங்கைப் பார்த்த இடங்களின் தீர்க்கரேகை, அட்சரேகை எண்களையும், மழை, வெப்பம், நில உயரம் ஆகியவற்றின் மேப்களையும் கொடுக்க வேண்டும். அதே சூழல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று அது வண்ண மேப் போட்டுத் தரும். சிவப்பு என்றால் ஏற்ற இடம், நீலம் என்றால் ஏற்காத இடம்.

நானும் பழகிப் பார்த்தேன். மீட்டீட்சியின் தீர்க்கரேகை சுமார் -108.9. மைனஸ் குறியை விட்டுவிட்டேன். அவ்வளவுதான், வயோமிங் ஃபெரெட் மங்கோலியாவின் கோபிப் பகுதிக்குப் போய்விட்டது! உலக மேப் கொடுத்திருந்ததால் எந்த எர்ரரும் வரவில்லை. அழகான மேப் வந்தது. அத்தனையும் தப்பு.

இது என் கவனக்குறைவு. ஆனால் சரியான எண்களிலும் ஆபத்து உண்டு. மனிதர்கள் பெரும்பாலும் சாலையோரங்களில்தான் விலங்கைப் பார்க்கிறார்கள். அந்த எண்களை மட்டும் கொடுத்தால், விலங்குக்குச் சாலையோரம்தான் பிடிக்கும் என்று புரோகிராம் கற்றுக்கொள்ளும். போன வருடம் பிளேக் வந்து பிரெய்ரி டாக் கூட்டமே செத்திருந்தாலும், மழையும் வெப்பமும் மாறவில்லையே! அந்த இடம் சிவப்பாகவே இருக்கும். அங்கே ஃபெரெட்டை விட்டால் பட்டினிதான்.

அதற்காக மேப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய புல்வெளியை முழுக்க நடந்து தேட ஆளும் கிடையாது, பணமும் கிடையாது. எங்கே முதலில் தேடலாம் என்று மேப் சொல்லட்டும். இரவில் விளக்கடித்து, ஃபெரெட்டின் கண் பச்சையாக மின்னுகிறதா என்று மனிதன்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக, நீலமாக இருக்கிறதே என்று ஒரு நிலத்தை உழுவதற்கு விட்டுவிடக் கூடாது. உழுதுவிட்டால் அன்டூ கிடையாது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். திரையில் விடை வந்ததும், நாம் என்ன கொடுத்தோம் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.