வண்டித் துருவுக்கு மேல் வண்ணம் பூசாதீர்கள்

ஜி.எஸ்.டி., உரிமம், தராசு முத்திரை என்று வணிகர்களுக்கு ஆயிரம் தலைவலி இருக்க, பழைய வண்டியின் துருவைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்று சில அன்பர்கள் கேட்கலாம். அவசியம் எழுத வேண்டும். மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு வராத நாளில் நமக்கு வியாபாரமே இல்லை. அப்படியிருந்தும் நம்மில் பலர் கடை ஷட்டருக்கு எண்ணெய் போடும் அக்கறையைக்கூட வண்டியிடம் காட்டுவதில்லை.

எஃப்.சி. தேதி நெருங்கும்போதுதான் வண்டியின் நினைவே வருகிறது. துரு தின்ற இடத்தில் பட்டி வைத்து அடைத்து, மேலே எனாமல் பெயிண்ட் அடித்து, மாப்பிள்ளை கோலத்தில் கொண்டு போய் நிறுத்துகிறோம். சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. அடுத்த ஐப்பசி மழையில் பட்டி உப்பிக்கொண்டு விழுகிறது. கூடவே கொஞ்சம் தகடும் வருகிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால் இந்தச் செலவும் ஆண்டுதோறும் தொடர்கிறது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டணத்தையும் பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். புது வண்டி வாங்க வசதியில்லாத சிறு வியாபாரி, இருக்கும் வண்டியை ஒழுங்காகக் காப்பாற்றியே தீர வேண்டும்.

கூண்டு கட்டும் பட்டறைகளில் தளத்துக்கும் பக்கத்துக்கும் ஜி.ஐ. தகடு போடும் வழக்கம் உண்டு. இரும்பின் மேல் துத்தநாகம் ஏற்றிய தகடு அது. துத்தநாகம் வெறும் போர்வை அல்ல. இரும்புக்கு முன்னால் தான் அரிந்து, இரும்பைக் காக்கும் காவல்காரன். அதனால்தான் ஜி.ஐ. தகட்டில் சின்னக் கீறல் விழுந்தால் உடனே துரு ஏறுவதில்லை. அக்கம்பக்கத்துத் துத்தநாகம் அந்தக் கீறலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. தகட்டில் வெள்ளையாக மாவு பூத்தால் துத்தநாகம் கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கழுவித் துடைத்து, காற்றுப்படக் காய விட்டாலே பெரும்பாலும் போதும். செம்மண் நிறத்தில் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் காவல்காரன் இறந்துவிட்டான். அங்கேதான் வேலை இருக்கிறது.

மளிகை வண்டிக்கு இந்த நோய் சீக்கிரம் வருவதற்குக் காரணம் நம் சரக்குதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். கடலோர ஊர்களில் அது அன்றாடம் நடப்பது. புளியின் அமிலம் துத்தநாகத்தை நேராகவே தின்னும். வெல்லம் கசிந்து புளித்தாலும் அதே கதை. கருவாட்டு மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சலவைக் காரமும் ஆகாது. துத்தநாகத்துக்கு அமிலமும் பகை, கடுங்காரமும் பகை. இத்தனையும் போதாதென்று தளத்தின் மேல் பழைய சாக்கையும் ஃப்ளெக்ஸ் பேனரையும் விரித்துவைக்கிறோம். தகட்டைக் காப்பதாக நினைப்பு. உண்மையில் ஈரம் அதற்கடியில் மாதக்கணக்கில் தங்குகிறது. தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குத்திப் பாருங்கள். அரிசியும் வெங்காயச் சருகும் அடைத்துக்கொண்டிருக்கும்.

இனி பழுது பார்க்கும் முறை. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல பூச்சைத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது. கிரைண்டரைக் கையில் எடுத்தால் பையன்களுக்கு உற்சாகம் வந்துவிடும். முழுப் பலகையையும் வெளுத்துவிடுவார்கள். துருநீக்கி அமிலத்தையும் அப்படித்தான் துருப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டுவைத்துக் கழுவ வேண்டும். அது துரு, துத்தநாகம் என்று பார்த்துத் தின்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் போகக் கழுவி நன்றாகக் காய்ந்த பின் ஜிங்க் ரிச் பிரைமர் பூச வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் துத்தநாகத் தூள். அந்தத் தூள் இரும்பைத் தொட்டால்தான் பழைய காவல் திரும்பும். துருவின் மேலோ பட்டியின் மேலோ பூசினால் காசுக்குக் கேடு.

எனாமல் பெயிண்டை நேராக ஜி.ஐ. தகட்டில் அடிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். பெயிண்ட் தோல் தோலாக உரிவது அதனால்தான். இடையில் எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ கட்டாயம் வேண்டும். பட்டி வைப்பதானால் எபாக்ஸி பிரைமருக்கு மேல்தான் வைக்க வேண்டும்.

ஓட்டையே விழுந்த இடத்தில் ஒட்டுப்போடச் சொல்கிறோம். டிங்கர் வெல்டிங் வைக்கிறார். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதோ 1,500 டிகிரியை ஒட்டி. எனவே வெல்டிங் பட்ட இடத்தில் இருபுறமும் பூச்சு எரிந்துபோகிறது. எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்த தொழிலாளி அன்று இரவு குளிர்காய்ச்சலில் படுக்கிறார். மறுநாள் சரியாகிவிடும் என்று அவரே சொல்வார். நம் பத்து மூட்டைக்காக ஒரு மனிதர் காய்ச்சலில் கிடப்பது என்ன நியாயம்? சுமை தாங்காத பக்கத் தகட்டுக்கு ரிவெட் அடித்து, ஓரத்தில் சீலண்ட் பூசினாலே போதும். வெல்டிங் தவிர்க்க முடியாத இடத்தில் முதலில் பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு செய்யச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடினால் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே ஜிங்க் பிரைமரை அங்கே பூசாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் கூண்டுக்கும் தளத்துக்கும்தான். சேசிஸிலோ, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்திலோ துரு தின்று மெலிந்திருந்தால் இந்த வைத்தியம் உதவாது. அங்கே பெயிண்ட் அடித்து மறைப்பது டிரைவரின் உயிரோடு விளையாடுவது.

நம் சங்கம் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒரு டப்பா ஜிங்க் பிரைமர் ஒரு வண்டிக்கு அதிகம். மீதி மூலையில் கிடந்து கெட்டியாகும். பலர் வாங்காமல் விடுவதற்கு அதுவே காரணம். பத்து உறுப்பினர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். நகரிலுள்ள இரண்டு மூன்று டிங்கர் பட்டறைகளை அழைத்துப் பேசி, வேலையின் முறையையும் கூலியையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். வருகிற செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் தகடு காய்ந்திருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். ஆடிக் காற்று அடங்கி மழை தொடங்கிய பிறகு பிரைமர் பூசிப் பயனில்லை.