ஆட்டத்துக்கு என்ன பெயர்?



"பொம்பளைப் பிள்ளைங்கன்னா அனுசரிச்சுப் போயிடுவாங்க." ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள். நிஜமா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2004-ல் வெளியானது. இருவர் ஆடும் ஆட்டம். இருவரும் விட்டுக்கொடுத்தால் இருவருக்கும் காசு. ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் அவர் ஏமாளி. சிலரிடம் இதை 'சமூக ஆட்டம்' என்றார்கள், சிலரிடம் 'வால் ஸ்ட்ரீட் (அமெரிக்கப் பங்குச்சந்தைத் தெரு) ஆட்டம்' என்றார்கள். விதியில் மாற்றமே இல்லை. முதல் பெயரைக் கேட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குதான். யார் தங்கமான பிள்ளை, யார் காரியவாதி என்று ஹாஸ்டல் பொறுப்பாளர்களிடம் முன்பே கேட்டுத்தான் ஆள் எடுத்திருந்தார்கள். அந்தக் கணிப்பு பலிக்கவே இல்லை! (நம் வார்டன்கள் கவனிக்கவும்.)

சரி, ஆண், பெண் வித்தியாசம்? ரேச்சல் குரோசன், யூரி நீஸி என்ற இரு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். சூழ்நிலைக்கு ஏற்ப முடிவை மாற்றிக்கொள்வது பெண்களிடம்தான் அதிகமாம். ஒரு சோதனையில் ஆண்களைவிட அதிகம் விட்டுக்கொடுக்கிறார்கள், இன்னொன்றில் குறைவாக.

பெயர் மாறினால் முடிவும் மாறும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் கண்ணாலேயே பார்த்தோம். டிசம்பர் 2021. ஆப்பிளுக்கு ஃபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். நெரிசலான அறைகளை அதுவரை சகித்துக்கொண்டவர்கள்தான் இவர்கள். 'எனக்கு வயிறு சரியில்லை' என்ற வரைக்கும் அது ஒருத்தியின் லீவு சமாசாரம். ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாதபோது, நம்ம பிள்ளைகள் விஷயமாகிவிட்டது. விடிய விடிய சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூடப்பட்ட ஆலை ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? மகன் கொடுத்தால் 'அவன் சம்பளம்'. மகள் அனுப்பினால் 'குடும்பத்துக்கு ஒத்தாசை'. தம்பி ஃபீஸ், அப்பா கடன் என்று அதுவும் கரைந்துவிடும். அவள் பெயரில் ஒரு ஆர்.டி.யாவது போட்டிருக்கிறோமா?

ஆலைகளில் வேலை பார்க்கும் சகோதரிகளே, எங்களுக்கு எழுதுங்கள். ஓவர்டைமுக்கு நிற்கச் சொல்லும்போது சூப்பர்வைசர் என்ன சொல்லிக் கேட்கிறார்? எதற்குச் சரி என்றீர்கள், எதற்கு முடியாது என்றீர்கள்? கம்பெனி பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்