ஒயருக்கு எதற்கு மூன்று லட்சம் ரூபாய்?

12 அடி நீளத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒயர், விலை 7,250 டாலர். 2007-ல் அமெரிக்காவின் பியர் கேபிள் நிறுவனம் தன் 'ஆன்ஜூ' ரகத்துக்கு வைத்த விலை இது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். இந்த ஒயரையும் சாதாரண நல்ல ஒயரையும் பார்க்காமல், காதால் மட்டுமே கேட்டுப் பிரித்துச் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் களமிறங்க முன்வந்தார். நிறுவனமோ பின்வாங்கிவிட்டது. ஆளுக்கு ஆள் குறை சொன்னதுதான் மிச்சம்; போட்டி நடக்கவே இல்லை.

ஒயர் என்பது தனி வியாபாரமானது அண்மைக் காலத்தில்தான். 1970-கள் வரை மேசை விளக்குக்குப் போடும் இரட்டை ஒயரையே ஸ்பீக்கருக்கும் இழுத்தார்கள். 1979-ல் நோயல் லீ என்ற பொறியாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மான்ஸ்டர் கேபிளைத் தொடங்கிய பிறகுதான் அதற்கு அட்டைப்பெட்டியும் அந்தஸ்தும் வந்தன. நான்கே ஆண்டுகளில், 1983-ல், 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் கண்ணை மறைத்து ஒரு சோதனை நடத்தியது. மிக மெல்லிய 24 கேஜ் ஒயரின் வேறுபாடு சிலருக்குப் பிடிபட்டது. ஓரளவு தடித்த மலிவு ஒயரையும் மான்ஸ்டரையும் வைத்து இசையைப் போட்டபோது, எது எதுவென்று நம்பிச் சொல்ல முடியவில்லை.

இந்த முடிவில் வியக்க ஒன்றுமில்லை, கணக்கே அப்படித்தான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் தூரம் என்றால், போக வர 10 மீட்டர் செம்பு. வீட்டு பிளக் பாயிண்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் மின்தடை ஏறக்குறைய 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.1 டெசிபெல்கூட இல்லை. அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் இழப்பு முக்கால் டெசிபெல்லை நெருங்கும். ஸ்பீக்கரின் மின்தடை சுருதிக்குச் சுருதி மாறுவதால், அந்த இழப்பும் எல்லாச் சுருதியிலும் ஒரே சீராக இருக்காது. ஆக, ஒயரால் ஒலி மாறும் என்பது பொய்யல்ல. மாற்றுவது அதன் தடிமனும் நீளமும், விலை அல்ல.

வெள்ளி ஒயரும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான். செம்பைவிட வெள்ளி 6 சதவீதம் அளவுக்கே கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும். செம்பு ஒயரைச் சற்றுத் தடிமனாக எடுத்தால் அந்த வித்தியாசம் போயிற்று. தங்க முலாமுக்கு ஒரு நியாயம் உண்டு: தங்கம் செம்பைவிடக் குறைவாகவே கடத்தும் என்றாலும் களிம்பு ஏறாது, இணைப்பு கெடாது.

கெடும் இடமும் பெரும்பாலும் அந்த இணைப்புதான். ஒயரின் மேலுறையைச் சீவி, இழைகளை முறுக்கி, ஸ்பீக்கரின் பின்புறத் திருகில் செருகும்போது ஓர் இழை பக்கத்துத் திருகைத் தொட்டாலே ஷார்ட் ஆகும். நாளாக நாளாகச் செம்பு கறுக்கும், திருகு தளரும். பழைய ஒயரைக் கழற்றிப் புதியதை இறுக்கும்போது இந்தக் கோளாறெல்லாம் சேர்ந்தே சரியாகிவிடுகிறது. புகழோ புது ஒயருக்குப் போகிறது.

'எனக்குத் தெளிவாக வித்தியாசம் தெரிகிறதே' என்பவர் பொய் சொல்லவில்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் ஹார்மன் நிறுவன ஊழியர்களையே உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிய, விலை உயர்ந்தவை மேலே நின்றன. திரை போட்டு மறைத்ததும் சின்னதான மலிவுப் பெட்டிக்கு மதிப்பெண் கூடியது. ஒலித்துறையில் வேலை பார்ப்பவர்களுக்கே கண் காதை முந்திக்கொள்கிறது என்றால், மூன்று லட்சம் கொடுத்துவிட்டுக் கேட்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

டிஜிட்டல் ஒயர்களில் கூத்து இன்னும் அதிகம். 2008-ல் டெனான் நிறுவனம் ஒன்றரை மீட்டர் நெட்வொர்க் கேபிள் ஒன்றை, சிக்னல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, 499 டாலருக்கு விற்றது. அந்த வழியில் போவது வெறும் எண்கள். அவை முழுதாகப் போய்ச் சேர்ந்தால் பாட்டு அப்படியே கேட்கும். சேராவிட்டால் விட்டு விட்டுக் கேட்கும், அல்லது நின்றுவிடும். 'வயலின் கொஞ்சம் இனிமையாக ஒலித்தது' என்பதற்கு அங்கே வழியே இல்லை.

விலை உயர்ந்த ஒயரைக் கைவினைப் பொருளாக, அழகுக்காக வாங்குவது அவரவர் விருப்பம். பெட்டியில் 'ஒலி மேம்படும்' என்று அச்சிட்டால் அது விளம்பரம். தவறான விளம்பரத்தைக் கேள்வி கேட்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கும் வீட்டு ஒயரின் மேலேயே சதுர மில்லிமீட்டரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்கின்றன. பல ஆயிரம் ரூபாய் ஆடியோ கேபிளும் ஒரு மீட்டருக்கு இத்தனை ஓம் என்று பெட்டியில் சொல்ல வேண்டாமா?

செலவழிக்கப் பணம் இருந்தால் அறைக்குச் செலவழிக்கலாம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடிக் கதவு உள்ள ஹாலில் ஓசை எதிரொலித்துக் குழம்பும். அடித்தொனி, உட்காரும் இடத்தைப் பொறுத்து 10 டெசிபெல்லுக்கு மேலும் கூடிக் குறையும். தடித்த திரைச்சீலை, ஒரு ஜமுக்காளம், மூலையிலிருந்து இரண்டடி தள்ளிவைத்த ஸ்பீக்கர் ஆகியவை தரும் மாற்றம், கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும்.

அமெரிக்காவின் மெக்கின்டோஷ் நிறுவனத் தலைவராக இருந்த கார்டன் கவ், வெவ்வேறு ஒயர்களை ஒரே பெட்டியில் இணைத்து, சுவிட்சைத் தட்டி மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். கேட்டவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு பெட்டியைச் செய்யப் பெரிய செலவில்லை. உயர்ரக ஸ்டீரியோ விற்கும் ஒவ்வொரு ஷோரூமிலும் அது இருக்க வேண்டும்; பில் போடுவதற்கு முன் அதில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வாங்குபவரும் கேட்க வேண்டும்.