நான்காம் மாடி அவர்களுக்கு, லயம் நமக்கா?

தோழர்களே, மருதானைச் சந்தியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தொடர்மாடிகள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். அங்கே சீமெந்து குழைப்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. இரவில் ஒரே போர்டிங் அறையில் ஐந்தாறு பேராகச் சுருண்டு படுக்கிறார்கள்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டாருக்குக் காணி விற்பதைத் தடுத்தது. ஆனால் நான்காம் மாடியிலிருந்து மேலே கதவைத் திறந்தே வைத்தது. முழுப்பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் யாரும் உறுதியோடு உட்காரலாம். மலையகம் வந்து 200 வருடமான நமக்கு? 7 பேர்ச்சஸ் என்றார்கள். 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடு என்றார், கை தட்டினோம். வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கையில் இல்லாதவர் எத்தனை பேர்!

இதற்குள் தரகர்மார் வேறு. பெயர் வெட்டி வரும் அம்மாமாரிடம், "சேமலாப நிதிக் காசை முற்பணமாகக் கட்டுங்கள், கொழும்பில் வாடகை கொட்டும்" என்கிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை அனுமதியையும் காணி உறுதியையும் சட்டத்தரணியிடம் காட்டாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நாம் கேட்பது மாடியல்ல. குடும்பத்துக்கு 20 பேர்ச்சஸ், கணவன் மனைவி இருவர் பேரிலும் உறுதி. தோட்டத் தலைவர்மார் அடுத்த மாவட்டக் கமிட்டிக்கு உறுதி இல்லாத வீடுகளின் பட்டியலோடு வாருங்கள்.