அமுக்கத்தை எங்கே ஏற்றுவது?

திருகோணமலையை வலுசக்தி மையமாக்குவதற்கென 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டதிலிருந்து அங்குள்ள சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களும் குழாய்ப்பாதையும் அடிக்கடி பேச்சில் அடிபடுகின்றன. அந்தத் துறைமுகத்தைச் சூழ நாளை எழக்கூடிய உலைகளுக்கு எரிவாயு எந்த அமுக்கத்தில் போய்ச் சேரவேண்டும் என்ற கேள்வியோ பின்னுக்கே நிற்கிறது. இயற்கை வாயுக் குழாய் வலையமைப்பு இலங்கையில் இன்னும் இல்லை என்பதால், இதை முதலிலேயே சரியாகத் தீர்மானிக்கும் வாய்ப்பு கைவசம் இருக்கிறது.

உலோகம் உருக்கும் உலை ஒரே அளவில் வாயுவைக் கேட்பதில்லை. உலோகத்தை இட்டு உருக்கும்போது பெருமளவில் இழுத்து, உருகியதைச் சூடாக வைத்திருக்கும்போது அதில் சிறு பங்கோடு அடங்கிவிடும். குழாயில் வரும் வாயுவின் அமுக்கம் போதாத இடங்களில், அதைச் சுழல்விசிறியால் உயர்த்தும் பூஸ்டர் எனும் பொறி பூட்டப்படுகிறது. பூஸ்டரை உச்சத் தேவைக்கு ஏற்பத் தெரிவுசெய்வது எளிது. சிக்கல் முழுவதும் தேவை இறங்கும் வேளையில்தான் தலைகாட்டுகிறது. வாயுவோட்டம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் வாயு முன்னும் பின்னுமாக அலைமோதி விசிறியையே அதிரவைக்கும். இதைத் தவிர்க்க வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் உள்வாயிலுக்குத் திருப்பினால், சுற்றிச் சுற்றி வரும் வாயு சூடேறுவதால் குளிர்விப்பானும் தேவைப்படுகிறது. மோட்டார் வேகத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே: வேகம் பாதியானால் விசிறி ஏற்றும் அமுக்கம் கால்பங்காகச் சுருங்கிவிடும் என்பதால், பர்னருக்கு முன்னுள்ள குழாயில் குறித்த அமுக்கம் நிலைத்து நிற்கவேண்டுமென்றால், ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் வேகத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க இயலாது. மாறாக, தேவை திடீரென ஏறும்போது பூஸ்டர் உள்வாயிலை உறிஞ்சி அயலாரின் குழாயையும் வறளச் செய்யக்கூடும். ஆகவே உள்வாயில் அமுக்கம் தாழ்ந்தவுடன் பொறியை நிறுத்தும் ஆளி கட்டாயமானது.

குழாயில் அனுப்பப்படுவது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த பெற்றோலிய வாயுவானால், அதன் கலவையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 30 பாகை செல்சியசில் பியூட்டேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ மூன்று மடங்கு, புரொப்பேனுடையதோ பத்து மடங்குக்கும் மேல். சமையல் வாயுச் சிலிண்டர்களில் இவ்விரண்டின் விகிதம் மாறினால் என்ன நேரும் என்பதை 2021இன் இறுதியில் நிகழ்ந்த வெடிப்புகள் இலங்கையின் சமையலறைகளுக்கே காட்டிச் சென்றன.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், அமுக்கத்தை ஏற்றவேண்டிய இடம் உலையின் வாசல் அல்ல, துறைமுகமே என்பது தெளிவாகும். திரவ இயற்கை வாயு, வாயுநிலையில் கொள்ளும் இடத்தில் 600இல் ஒரு பங்கு அளவே கொள்வதால், திரவமாக இருக்கும்போதே பம்பினால் அமுக்கம் ஏற்றிப் பின் ஆவியாக்குவதற்குச் செலவாகும் சக்தி, ஆவியை அமுக்குவதற்கான சக்தியில் சிறு பகுதியே ஆகும். அவ்வாறு உயர் அமுக்கத்தில் புறப்படும் குழாயின் நீளமே ஒரு சேமிப்பகமாகிவிடுவதால், உலைக்கு அமுக்கங்குறைக்கும் சீராக்கி மட்டும் போதும்; தேவையின் ஏற்ற இறக்கத்தை அந்தக் குழாய்ச் சேமிப்பே தாங்கும். பெற்றோலிய வாயுவுக்கு இதே வழியை அப்படியே கொள்ள முடியாது, அமுக்கம் கூடினால் பியூட்டேன் குழாய்க்குள்ளேயே மீண்டும் திரவமாகிவிடும். எனவே, எந்த வாயு வரப்போகிறது என்பது தீர்மானமாகும் முன் குழாய் வாங்குவது வீண். அது தீர்மானமான பின்னரும், வரவிருக்கும் ஒவ்வோர் உலையின் உச்சத் தேவையோடு அதன் அடிமட்டத் தேவையையும் திட்டக்காரர் கேட்டுப் பெறவேண்டும்.