கல்யாண் வீடுகளில் லாமினேட் தரை: ஓர் அபிப்பிராயம்

மும்பைக்கு வடகிழக்கே உல்ஹாஸ் ஆற்றையொட்டி அமைந்த கல்யாண் நகரில், நெடுங்காலமாக வீட்டுத் தரை என்றால் ஷாஹாபாத் கல், கோட்டா கல் அல்லது மொசைக் என்றே பொருள். அண்மைக் காலத்தில் அடுக்குமாடி வீடுகளில் லாமினேட் பலகைத் தரையின்மேல் பலருக்கு விருப்பம் பிறந்திருக்கிறது. இரண்டே நாளில் போட்டு முடிக்கலாம். சிமெண்டும் தூசியும் இல்லை. மரத்தின் தோற்றமும் கிடைக்கிறது. ஆனால் முதல் மழைக்காலம் கழிவதற்குள்ளாகவே சில வீடுகளில் பலகைகளின் விளிம்பு தடித்து, பொருத்துகள் ஓட்டுக்கூரையின் முகடுபோல் எழும்பி நிற்கின்றன. பழி உடனே சரக்கின்மேல் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் குறை சரக்கில் இல்லை, அதைப் போட்ட முறையில் இருக்கிறது.

இப்பலகை 1977-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் தோன்றியது. பசையின்றி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகை 1990-களின் பிற்பகுதியில் பரவலாயிற்று. மேலே தெரிவது மரமன்று. மரத்தின் படம் அச்சிட்ட காகிதமே. அதன்மேல் மெலமைன் பிசின் ஊறிய கடினமான படலம் ஒன்று உண்டு. இப்படலம் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. நடுவில் இருப்பதோ மரநாரைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்த அட்டை. நீர் பட்டால் நார்கள் உப்பும். காய்ந்த பின்னும் பழைய கனத்துக்குத் திரும்பா. ஆகவே தண்ணீரால் வரும் கேடு முகப்பில் தொடங்குவதில்லை. பொருத்துகளிலும், விளிம்புகளிலும், அடிப்பக்கத்திலும் தொடங்குகிறது.

அட்டை காற்றின் ஈரத்தையும் உண்டு விரியும். மழை மாதங்களில் கல்யாணின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். குளிர்கால நண்பகலில் வெகுவாக இறங்கும். ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு விரிவு என்று கொண்டாலும் 10 மில்லிமீட்டர் ஆகிறது. இதற்காகவே சுவர், தூண், வாசற்கால் ஆகியவற்றின் ஓரத்தில் 8 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தரை ஆணியின்றி, பசையின்றி மிதந்துகொண்டிருக்க வேண்டும். நம் தச்சர்களோ இடைவெளி விடுவதை வேலைக்குறைவாகக் கருதிச் சுவரோடு இறுக்கிப் பொருத்திவிடுகிறார்கள். நேர்த்தியில் அவர்களுக்குள்ள பற்று இங்கே கேடாக முடிகிறது. கனமான அலமாரியைத் தரையோடு சேர்த்து ஆணியடிப்பதும் அதே தவறுதான்.

அடியிலிருந்து வரும் ஈரமே மிகவும் கொடியது. புதுச் சிமெண்ட் தளம் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் உலரவேண்டும்; மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகும். சோதிப்பதற்குக் கருவி கூடத் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் மூடி ஒரு நாள் விட்டு எடுத்தால், அடியில் நீர்த்துளிகளோ கறுத்த தடமோ ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். தளம் உலர்ந்த பிறகும் 0.2 மில்லிமீட்டர் பாலிதீன் விரிப்பை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு இட்டு, ஒட்டி, அதன்மேல் நுரை விரிப்பையும் பிறகு பலகையையும் போடுவதே முறை. பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கை வாட்டில் வைத்திருக்க வேண்டும். கதவின் அடியை முன்னரே இழைத்துவிடுவது நலம். இல்லையேல் 10 மில்லிமீட்டர் உயர்ந்த தரையில் கதவு திறவாது.

கெட்டுப்போன தரையை முழுவதும் பெயர்த்தெறிவது பல குடும்பங்களுக்கு வீண் செலவு. பொருத்துகள் எழும்பியிருந்தால் முதலில் சுவரோரப் பட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலகை சுவரை முட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓரத்தை அறுத்து இடைவெளி உண்டாக்கினாலே, உப்பாத பலகைகள் சில நாட்களில் தாமே படிந்துவிடும். உப்பிய பலகையை இழைத்துச் சமன் செய்ய முயல்வது பயனற்றது. மேற்படலம் போய்விட்டால் எஞ்சுவது வெறும் அட்டை. அதை மாற்றத்தான் வேண்டும். அருகிலுள்ள சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றி, ஒவ்வொரு பலகைக்கும் சாக்குக்கட்டியால் எண்ணிட்டு, கெட்டதை நீக்கி, அதே வரிசையில் மீண்டும் பூட்டலாம். இதற்கு அதே வகைப் பலகை கைவசம் வேண்டும். ஆகவே வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது. சிறு சிராய்ப்புகளுக்கு நிறம் ஒத்த மெழுகு போதும். நீர்க்கசிவினால் கெட்டிருந்தால் கசிவை அடைத்த பின்னரே எதையும் தொடவேண்டும். வாளியால் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் பழக்கமுள்ள வீட்டார், அந்தப் பழக்கத்தையாவது இந்தத் தரையையாவது விட்டுவிட வேண்டும். பிழிந்த துணியால் துடைப்பதே இதற்கு ஏற்றது.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பெய்த மழையிலும், 2019 ஜூலையிலும் உல்ஹாஸ் நீர் இப்பகுதியின் தாழ்ந்த இடங்களில் புகுந்தது. அத்தகைய இடங்களின் தரைத்தள வீடுகளுக்கு லாமினேட் எவ்விதத்திலும் ஏற்றதன்று. கழுவிவிட்டால் மறுநாள் பயன்படும் கல் தரையே அங்கே சிறந்தது. இதை விற்பனையாளர் சொல்லமாட்டார். பெட்டிக்குள் வரும் விளக்கத் தாளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தச்சருக்கும் வீட்டாருக்கும் உதவுவதில்லை. பிரித்த அட்டையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஆகையால் இதைச் சொல்லும் பொறுப்பு மக்களிடையே பணிபுரியும் ஊழியர்களைச் சார்கிறது.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். கடையில் கழிவாகக் கிடக்கும் பலகைத் துண்டு இரண்டை எடுத்து, திருகு அளவியால் கனத்தை அளந்து, எடையும் குறித்துக்கொண்டு, ஒன்றின் வெட்டுவாயை மெழுகால் நன்கு மூடி, இரண்டையும் ஒரு நாள் தண்ணீரில் இடவேண்டும். மறுநாள் மீண்டும் அளந்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, மூன்றாம் முறை அளந்தால் வித்தியாசம் மாணவர் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.